கொழும்புக் கடலின் நுண்குடிகள்

கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் வெள்ளவத்தைச் சந்தையிலும் கருவாட்டுக் கடைகளின் முன்னால், கட்டாவும் திருக்கையும் நெத்தலியும் குவிந்து கிடக்கும் வரிசைக்கு ஓரமாக, செம்மஞ்சள் நிறத்தில், கையால் அள்ளினாற் சரசரக்கும் சிறு குவியலொன்று இருப்பதைக் காணலாம். அதற்குக் கூனி என்று பெயர். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்துச் சம்பலாக்கியும், முருங்கையிலையோடு கூட்டி வறையாக்கியும் நம்மவர் அதனை உண்டு வருவது நெடுங்கால வழக்கம். அது பெரிய இறாலின் குஞ்சென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது தன்னளவில் முழு வளர்ச்சியெய்திய தனி இனம். அசெற்றிஸ் என்பது சாஸ்திரத்தில் அதன் பெயர். நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் வலியின்றி, அதன் போக்கிலே மிதந்து திரியும் ஜீவராசிகளைப் பிளாந்தன் என வழங்குவர். அவற்றுள் மனிதன் நேரே அள்ளி உண்ணக்கூடிய அளவுக்குப் பருத்தவை மிகச் சிலவே. கூனி அவற்றுள் ஒன்று. இறாலும் நண்டும் அடங்கிய அதே ஓட்டுடலி வர்க்கத்தில், எள்ளிற் பாதியளவும் இராத சிற்றுயிர்கள் கோடானுகோடியாகக் கூனியைச் சூழ வாழ்கின்றன. நெத்தலியும் சாளையும் அவற்றைத் தின்று வளர, அம்மீன்களை நாம் தின்கிறோம். கோப்பிப்பொட் என்று விஞ்ஞானிகள் கூறும் துடுப்புக்காலிகளே அச்சிற்றுயிர்களிற் பெரும்பான்மையின.

கொழும்பின் சரித்திரத்தை எழுதினோர் கோட்டையையும் கொத்தளத்தையும், கறுவாவையும் கோப்பியையும், துறைமுகத்தையும் தண்டவாளத்தையும் பற்றி நிறைய எழுதியிருக்கின்றனர். முகத்துவாரம் தொடங்கி வெள்ளவத்தை வரையிலான, பத்து மைலுக்கும் குறைந்த இக்கரையோரத்தில் நீரின் இயல்பு இடத்துக்கிடம் எவ்வாறு மாறுபட்டிருந்தது, அம்மாறுபாட்டுக்கேற்ப அந்நீரின் நுண்குடிகள் எவ்வாறு வகைப்பட்டன, மனிதர் கரையிற் செய்த காரியங்கள் அக்குடிகளின் வாசஸ்தலத்தை எங்ஙனம் திருத்தின என்பவற்றையும் அச்சரித்திரத்தின் அங்கமாகவே கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு வேண்டிய சாதனங்கள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. நூற்றுநாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு நோக்கத்தோடு இவ்வழி வந்தவர்கள் வலை வீசிப் பார்த்துவிட்டுச் சென்ற செய்திகள் பல நூல்களிற் சிதறிக் கிடக்கின்றன.

முதலில் நீரைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். இத்தீவின் மேலைக் கரையில் வற்றுப்பெருக்கு முக்கால் மீற்றரைக்கூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆகையால் இக்கடலின் போக்கை நிர்ணயிப்பது காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகம் வீசுங்காலத்தில் அரபிக் கடலின் உப்பு மிகுந்த நீர் தீவின் தென்புறத்தை வளைந்து கிழக்கே செல்கின்றது. மார்கழி முதல் மாசி வரை வாடை வீசுங்காலத்திலோ, கங்கையும் பிரமபுத்திராவும் கோதாவரியும் கொட்டிய நன்னீரால் உப்புக் குன்றிய வங்கக் கடலின் நீர் மேற்கே திரும்பி நம் கரையை வந்தடைகின்றது. ஆகவே வெள்ளவத்தையில் நின்று பார்ப்பவனுக்கு ஒரே கடலாகத் தோன்றுவது, வருஷத்தில் இருமுறை வேறு வேறு சமுத்திரங்களின் நீரால் நிரம்புவதாகும். கண்டத்திட்டும் இங்கே ஒடுங்கியது. ஏறத்தாழ இருபது கிலோமீற்றருக்கு அப்பால் அது செங்குத்தாக இறங்கிவிடுகின்றமையால், ஆற்றுமுகத்து நீரும் ஆழ்கடல் நீரும் ஒருநாள் வள்ளப் பிரயாணத்தின் எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கின்றன.

இக்குறுகிய எல்லைக்குள் எத்தனை வாசஸ்தலங்கள்! வடக்கே, 145 கிலோமீற்றர் ஓடி வந்த களனி கங்கை முகத்துவாரத்திற் கடலொடு கலக்கின்றது. மழைக்காலத்திற் செம்மண் கரைந்த அதன் நீர் மேலே விரிந்து கிடக்க, உப்புநீர் கனத்தால் அடியிலே நுழைந்து ஆற்றினுள்ளே ஏறுகின்றது. அதற்குத் தெற்கே துறைமுகத்தின் அடைபட்ட நீர். அதற்கப்பால் பேர வாவியின் பச்சை நீர் வந்து விழும் பக்கம். பின்னர் காலிமுகம் தொட்டு வெள்ளவத்தை, தெகிவளை வரை அலையடிக்கும் திறந்த மணற்கரை. இடையிடையே வாய்க்கால்களின் வாய். சிறிது தூரத்தில் கரைக்குச் சமாந்தரமாக நீருக்கடியிற் படுத்திருக்கும் மணற்கற் பார்கள். அவற்றுக்கு அப்பால் நீலக் கடல்.

பட்டுப்போன்ற நுண்ணிய கண்களையுடைய கூம்பு வலையொன்றை முகத்துவாரத்திற் சில நிமிஷம் இழுத்து, அதன் அடிக்குப்பியில் தங்கியதை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்போமாயின், முதலில் ஒன்றும் தெளிவாகப் புலப்படாது. மண் துகளும் இலைச் சிதைவும் கலந்து கிடக்கும். சற்றே பொறுத்தால் அத்துகள்களுக்கிடையில் ஏதோவொன்று சடுதியிற் பாய்ந்து மறைவது தெரியும். அது அகாற்றியா என்ற துடுப்புக்காலி. ஒரு மில்லிமீற்றர் அளவினது. உடம்பு முழுவதும் ஒளி ஊடுருவத்தக்கதாய், நெற்றியின் நடுவே ஒற்றைக் கண் செம்புள்ளியாக விளங்க, தன் உடலளவுக்கு நீண்ட இரு உணர்கொம்புகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நீரில் அந்தரமாக நிற்கும். எதிரியின் அசைவால் நீரில் எழும் அதிர்வை அக்கொம்புகளின் மயிர்களால் உணர்ந்த கணத்திலே, கால்களைப் பின்னோக்கி அடித்துத் தன் நீளத்தைப் போலப் பலமடங்கு தூரம் பாய்ந்துவிடும். அதனோடு கூடவே சூடோடயப்ற்றோமஸ் என்பதும் அகப்படலாம். அதன் பெண் வயிற்றின் கீழ் முட்டைப் பையைச் சுமந்து, பகலில் அடித்தரையை ஒட்டிக் கிடந்து, இரவில் மேலே வருவது. ஆற்றின் வேகத்தால் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் ஆற்றுமுகத்திலேயே நிலைத்திருப்பதற்கு அப்பழக்கம் உபகாரமாகின்றது. மேல்நீர் கடலை நோக்கி ஓட, அடிநீர் உள்நோக்கி ஏறும் இடத்தில், எந்நேரம் எந்த ஆழத்தில் இருப்பது என்பதே ஊர் நிலைப்பதற்கு வழி.

முகத்துவாரத்தின் குடிகள் இனத்தாற் சில, தொகையால் மிகப் பல. காலையில் உப்பாகவும் மாலையில் நன்னீராகவும் மாறும் நீரிற் பிழைக்கும் வல்லமை பெற்றவை சில இனங்களே. அவ்வல்லமை வாய்த்தவற்றுக்கோ, ஆறு கொணரும் சத்தினாற் செழிக்கும் தாவரப்பிளாந்தன் குறைவின்றிக் கிடைக்கின்றது. பார்களைக் கடந்து வெளிக்கடலுக்குச் சென்று அதே வலையை இழுத்தால் நிலைமை நேர்மாறாகும்: இனங்கள் அநேகம், ஒவ்வோரினத்தின் தொகை அற்பம். கண்ணாடிக் குச்சுகள் போன்ற யூகலானஸ். நீல முட்டைத் திரளைத் தாங்கிய யூகீற்றா. திரும்புந்தோறும் நீலமும் பொன்னுமாக மின்னி அடுத்த கணமே காணாமற் போகும் சபிரினாவின் ஆண். உடலின் ஒருபுறத்தில் கரும்புள்ளியொன்றைத் தாங்கி, இரவில் ஒளி உமிழ்ந்து, பகலில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில் மூச்சுக்காற்றுக் குன்றிய நீரில் ஒளிந்திருக்கும் புளூரோமம்மா. இவை ஆற்றுநீரின் வாடையிற் பிழையா. அகாற்றியாவும் நடுக்கடலிற் பிழையாது. கரையோர இனங்கள் பலவற்றின் முட்டைகள் அடிச்சேற்றிற் புதைந்து, பருவம் அனுகூலமாகும்வரை உறங்கிக் கிடக்கவல்லவை. அடித்தரை எட்டாத வெளிக்கடலில் அவ்வித உறக்கத்துக்கு இடமேது? ஆதலால் ஒரு கரையின் சேற்றைத் தோண்டுவது அதன் மேலுள்ள நீரின் வருங்காலக் குடிகளையும் தோண்டுவதாகும் என்பதை நம் துறைமுகப் பொறியியலாளரும் மனத்திற் கொள்ளவேண்டும்.

கரைநீருக்கும் வெளிக்கடலுக்கும் இடையிலான இந்த வேற்றுமைக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் ஒருகாலத்தில் முகத்துவாரத்திற் குடியிருந்தவர் என்பது கொழும்பு வாசிகளிற் பலர் அறியாத செய்தி. ஜேர்மனி தேசத்து ஜேனா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஏர்ணஸ்ற் ஹெக்கல், திறியெஸ்ற் துறையிலிருந்து ஹெலியோஸ் என்ற கப்பலிற் புறப்பட்டு, 1881 நவம்பர் 21-ஆம் திகதி கொழும்பு வந்து சேர்ந்தார். அவர் முதலில் தங்கியது களனி கங்கை கடலொடு சேரும் மூலையில், தென்னஞ்சோலை நடுவே அமைந்திருந்த விஸ்ற் பங்களாவில். கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே நடந்து செல்லும் தூரந்தான். சிலநாள் அங்கிருந்து பின்னர் தெற்கே வெலிகமைக்குச் சென்று, அங்கே ஓய்வு மனையொன்றை ஆய்வுசாலையாக்கிக்கொண்டு, அதிகாலையில் வள்ளத்திற் சென்று மேல்நீரில் வலை இழுத்தார். உஷ்ணப் பிரதேசத்துக் கடலின் செல்வத்தைக் கண்டு மகிழ்ந்த அவர், அச்செல்வம் கரைக்குக் கொண்டுவருமுன்னரே வெயிலின் வெப்பத்தால் மாண்டு கெட்டுப்போவதைக் கண்டு வருந்தியும் எழுதினார். அவருடைய பிரயாணக் கடிதங்கள் 1883-ல் ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தன.

அக்காலத்திற் பிளாந்தன் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. கீல் நகரத்து விக்றர் ஹென்சன் 1887-ல் அதனை வழக்குக்குக் கொணர்ந்தார். 1889-ல் நாஷனல் என்ற கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சுற்றிவந்து, கடலின் மிதவையுயிர்கள் பரந்த பிரதேசங்களில் ஓரளவு சமமாகவே பரவியிருக்கின்றன என்றும், ஆகையால் சில இடங்களில் எண்ணினால் முழுச் சமுத்திரத்தையும் கணக்கிட்டுவிடலாம் என்றும் வாதித்தார். அதனை ஹெக்கல் கடுமையாக மறுத்தார். 1890-ல் அவர் வெளியிட்ட பிளாந்தன் ஆராய்ச்சி நூலில், மிதவையுயிர்கள் கூட்டங்கூட்டமாகவும் ஓட்டங்களின்படியும் மிகவும் ஏற்றத்தாழ்வாகப் பரவியுள்ளன என்று கூறி, கரையோர நீருக்குரியவற்றையும் வெளிச்சமுத்திரத்துக்கு உரியவற்றையும் இருவேறு பகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டார்; அப்பெயர்களை உலகம் இன்றும் ஆள்கின்றது. எண்ணிப் பார்த்தே அறியவேண்டும் என்ற ஹென்சனின் கொள்கை பிற்காலத்தில் நிலைபெற்றது. இடத்துக்கிடம் குடிகள் வேறு என்ற ஹெக்கலின் கொள்கையும் நிலைபெற்றது. இருவரும் பாதிப்பாதி வென்றனர் என்றே நான் கூறுவேன்.

ஹெக்கல் முகத்துவாரத்தில் இருந்த அந்நாட்களில் சற்றுத் தெற்கே கொழும்புக் கடலின் இயல்பையே மாற்றும் பெருங்காரியமொன்று நடந்துகொண்டிருந்தது. அதுவரை கொழும்பு திறந்த கடல்துறை. சோளகக் காலத்தில் நங்கூரமிட்டு நிற்பது கப்பல்களுக்கு ஆபத்து. பெரிய கப்பல்கள் காலியையே நாடின. 1875 டிசம்பர் 8-ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, சேர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி, தென்மேற்கு அலைதடுப்பு கொங்கிறீற்றுக் கற்களால் எழுப்பப்பட்டு 1885-ல் முடிந்தது. வடக்கேயிருந்த ஏனைய தடுப்புகளும் 1912 வாக்கில் முற்றுப்பெற, 600 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு அலையினின்றும் அடைக்கப்பட்டது. கப்பலுக்கு அது அடைக்கலம். சிற்றுயிர்களுக்கோ அது முன்னொருபோதும் இருந்திராத புதிய வாசஸ்தலம்: அலையற்ற நீர், தங்கிப் படியும் சேறு, வாவியிலிருந்து வந்து விழும் கழிவின் சத்து. உலகில் எங்கும் இவ்வாறு அடைபட்ட துறைமுகங்களிற் பருத்த இனங்கள் குன்றி, ஒயிதோனா போன்ற மிகச் சிறிய இனங்கள் ஓங்குவது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஒயிதோனா இரையைத் தேடி அலைவதில்லை. நீரில் அசையாமல் தொங்கி, தானாக அருகே வரும் நுண்ணுயிரைப் பற்றுகின்றது. அலையடங்கிய நீர் அதற்கு ஏற்ற நிலம். கப்பல்கள் வயிற்றிற் சுமந்து வரும் நிலைப்புநீரோடு அயலூர்த் துடுப்புக்காலிகளும் துறைமுகம் துறைமுகமாகக் குடிபெயர்கின்றன. உலகக் கப்பற் பாதைகளின் சந்தியாக விளங்கும் கொழும்புக்கு இது சிறிய விஷயமன்று.

கரை மாறுவதைப் பற்றிய பழைய நினைவொன்று கொச்சிக்கடையில் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரை வேட்டையாடிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு முகத்துவாரத்து மீனவரிடையே ஒளிந்திருந்ததாகவும், கடல் தங்கள் கரையை அரித்து உட்புகுவதைத் தடுக்குமாறு அவர்கள் வேண்ட, அவர் மணலிற் சிலுவை நாட்டி மன்றாடியதும் கடல் பின்வாங்கி மணற்றிடரொன்றைவிட்டு நீங்கியதாகவும் கர்ணபரம்பரைக் கதை கூறுகின்றது. புனித அந்தோனியார் தலத்தின் பிறப்பை இன்றும் அவ்வாறே சொல்வர். ஆற்றுமுகத்து மணல் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் இயல்பினது என்பதை அக்கரையின் மக்கள் எத்துணை ஆழமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சாட்சி.

இக்கடலின் துடுப்புக்காலிகள் முறையாகப் பெயரிட்டு எழுதப்பட்டது முத்தினால். மன்னார்க் குடாவின் முத்துப் பார்களில் 1891-க்குப் பின் முத்துக்குளிப்பாகிய சலாபம் நடவாமற் போயிற்று. அரசாங்கத்தின் வருமானம் கெட்டது; அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்துக் கரைகள் வெறிச்சோடின. காரணம் அறியும்பொருட்டு லிவர்பூல் நகரத்துப் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன் 1902 ஜனவரியில் இங்கு வந்தார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹோர்ணல் நெடுங்காலம் தங்கி, பிற்காலத்திற் சென்னை மாகாண மீன்பிடித் துறையை நடத்தினார். லேடி ஹவ்லொக் என்ற நீராவிக் கப்பலில் ஹேர்ட்மன் தீவைச் சுற்றி வலை இழுத்தும் அடித்தரையை வாரியும் சேர்த்தவை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. மிதவையுயிர்களில் அவருக்கு அக்கறை ஏற்பட்டதற்கு நியாயம் இருந்தது: முத்துச்சிப்பியும் பிறந்த சில கிழமைகள் வரை மிதவையுயிரே; தாய் கிடக்கும் பார் ஒன்றாகவும், குஞ்சு நீரோட்டத்திற் சென்று பதியும் பார் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். அவ்வோட்டத்தில் அதனோடு மிதப்பவை யாவை, அதனைத் தின்பவை யாவை என்று அறியாமற் பார்களின் ஏற்றத்தாழ்வை அறிவது எங்ஙனம்?

துடுப்புக்காலிகளை ஆராயும் பணி லிவர்பூலில் மருந்து வணிகம் செய்துகொண்டே இவ்வாராய்ச்சியில் தலைநின்ற ஐசக் தொம்ஸனுக்கும், அன்ட்றூ ஸ்கொற்றுக்கும் கொடுக்கப்பட்டது. ஹேர்ட்மனின் அறிக்கையின் முதற்பாகத்தில், 1903-ல், அவர்களுடைய பட்டியல் அச்சாயிற்று. தொம்ஸன் அவ்வாண்டிலேயே காலமானார். அப்பட்டியலை நான் மதிப்பதற்குக் காரணம், மேல்நீர் வலையில் வந்தவற்றோடு, கடற்பஞ்சுகளையும் சிப்பிகளையும் அலசிய நீரில் அகப்பட்டவற்றையும் அவர்கள் சேர்த்து ஆராய்ந்தமை. மேலே மிதப்பவை ஒரு குலம். கீழே பஞ்சின் துவாரத்திலும் சிப்பியின் மடிப்பிலும் ஊர்ந்து வாழ்பவை வேறொரு குலம். ஒரே இடத்து நீருக்குள்ளும் வாசஸ்தலம் பல என்பதை அக்காலத்தே அச்சிற் காட்டிய நூல் அது.

கறுவாத்தோட்டத்து நூதனசாலை 1877-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் ஆராய்ச்சிச் சஞ்சிகையாகிய ஸ்போலியா செயிலானிக்கா 1903-ல் தொடங்கியது. அச்சஞ்சிகையின் ஒன்பதாம் தொகுதியில், 1914-ல், மன்னார்க் குடாவின் மேல்நீர்த் துடுப்புக்காலிகள் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை ஆர். பி. சீமூர் சூவெல் எழுதினார். இவர் இந்திய வைத்திய சேவையைச் சேர்ந்தவர். இன்வெஸ்ரிகேற்றர் என்ற கடலளவைக் கப்பலில் வைத்தியராகவும் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் 1910 முதல் பிரயாணஞ் செய்தவர். பின்னர் இந்திய விலங்கியல் அளவைத் திணைக்களத்தின் தலைவரானவர். இந்தியக் கடல்களின் துடுப்புக்காலிகள் பற்றி 1929-லும் 1932-லும் அவர் கல்கத்தாவில் வெளியிட்ட பெருநூல் இன்றுவரை எவரும் ஒதுக்கிவிட இயலாதது. 1933-ல், மபாஹிஸ் என்ற எகிப்தியக் கப்பலில், எகிப்திய மாலுமிகளும் பிரித்தானிய, எகிப்திய விஞ்ஞானிகளுமாக, ஜோன் மறே ஆராய்ச்சிப் பயணம் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டபோது அதன் தலைவரும் சூவெலே. அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்திலும் தரித்தது. அரபிக் கடலின் நடு ஆழத்தில் பிராணவாயு மிகக் குன்றிய நீர்ப்படை பரந்து கிடப்பதை அப்பயணம் அளந்து உறுதிசெய்தது. எந்தத் துடுப்புக்காலி எவ்வாழத்தில் தங்கலாம் என்பதற்கு அப்படை ஒரு தளமாகவும் கதவாகவும் அமைகின்றது. அப்பயணத்தின் துடுப்புக்காலிகளைப் பற்றிய இனவிவரத்தை 1947-லும், அவை உலகக் கடல்களிற் பரவியிருக்கும் முறையை 1948-லும் சூவெல் எழுதி முடித்தார். முதலிற் பெயர், பின்னர் இடம் என்ற அந்த ஒழுங்கில் முப்பத்துநான்கு வருஷ உழைப்பு அடங்கியிருக்கின்றது.

சுதந்திரத்துக்குப் பின் நம்மவரும் இப்பணியிற் புகுந்தனர். கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம். துரைரத்தினம், புத்தளம் களப்பிலும் அதனையடுத்த ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயர் குடா என்பவற்றிலும் நீரின் வெப்பம், உப்பு, தாவரப்பிளாந்தன் ஆகியவற்றின் பருவச் சுழற்சியை அளந்து 1963-ல் வெளியிட்டார்; எஸ். சிவலிங்கம் 1958-ஆம் வருஷத்து முத்துச் சலாபத்தை ஆராய்ந்து எழுதினார். அதே 1963-ல் எல். ஆர். கஸ்தூரிரங்கன் இந்தியக் கரையோர நீரின் துடுப்புக்காலிகளை இனங்காணும் வழிகாட்டியைத் தந்தார்; மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலுயிர் நிலையங்கள் தொழிற்பட்டுக்கொண்டிருந்தன. நம் அயலிற் கொச்சி நகரத்திலே, 1965-ல் முடிவுற்ற சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சியின் விலங்குப்பிளாந்தன் ஓரிடத்திற் சேர்த்துத் தரம் பிரிக்கப்பட்டது.

அவ்வாராய்ச்சியில் எல்லாக் கப்பல்களும் ஒரே அளவான வலையைப் பயன்படுத்தவேண்டும் என்று விதித்தனர்: வாய் 113 சென்ரிமீற்றர், கண் 0.33 மில்லிமீற்றர், 200 மீற்றர் ஆழத்திலிருந்து நேர்மேலே இழுக்கவேண்டும். வெளிச்சமுத்திரத்தை ஒப்பிட்டு அறிவதற்கு அதனினும் சிறந்த விதி இல்லை. எனினும் நம் கரைக்கு அவ்விதி எவ்வளவு பொருந்தும் என்று சற்றுச் சிந்திக்கவேண்டும். ஒயிதோனாவும், துடுப்புக்காலிகளின் குஞ்சுகளும், குறிப்பாக முட்டையினின்றும் வெளிவந்து ஆறு தடவை தோலுரித்து வளரும் இளம்பருவத்தனவும், அக்கண்ணினூடே பெரும்பாலும் நழுவிப்போய்விடும். 200 மீற்றர் ஆழம் என்பது துறைமுகத்துக்கும் முகத்துவாரத்துக்கும் வெள்ளவத்தை வாய்க்கால் வாய்க்கும் பொருளற்றது. முத்து நாடி வந்தவர்கள் மன்னார்க் குடாவைப் பார்த்தனர். சமுத்திரத்தை நாடி வந்தவர்கள் வெளிக்கடலைப் பார்த்தனர். கொழும்பு அவர்கள் இறங்கி ஏறும் துறையாகவே இருந்தது. ஆகவே இந்நகரத்தின் சொந்தக் கரைநீரை அதற்கேற்ற வலையால், அதற்குரிய அக்கறையோடு பார்ப்பது இவ்வூரவரின் கடமையாயிற்று.

அக்கடமையின் அவசரம் நாளுக்கு நாள் பெருகிவருகின்றது. ஆற்றிலிருந்து மணல் அகழ்ந்ததனாற் களனி கங்கையின் படுக்கை தாழ்ந்து, வறட்சிக் காலத்தில் உப்புநீர் அம்பத்தலை நீரேற்று நிலையம்வரை ஏறத் தலைப்பட்டது. முன்னர் நன்னீர் இனங்களுக்குரியதாக இருந்த நெடுந்தூரம் ஆற்றுமுக இனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நகரத்தின் மலக்கழிவைக் கரையை விட்டு அகற்றும்பொருட்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலடிக் குழாய்கள் இடப்பட்டன. கரையிற் குளிப்போருக்கு அது நன்மை. குழாயின் வாயைச் சூழ்ந்த நீருக்கோ இடையறாத சத்து. அவ்விடத்தில் எவ்வினம் ஓங்கியது, எது ஒடுங்கியது என்பதைத் தூரத்துக்குத் தூரம் வலையிட்டுத்தான் காணவேண்டும். காலிமுகத்துக்கு அருகே, கடலடியிலிருந்து வாரிய மணலால் 269 ஹெக்டேயர் நிலம் எழுப்பப்பட்டு, 2019-ஆம் ஆண்டளவில் அந்நிரப்பு வேலை நிறைவுற்றது. வாரிய இடத்து மணலோடு உறங்கிய முட்டைகளும் போயிருக்கக்கூடும். நிரப்பிய இடத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் ஓட்டத்தின் போக்கும் மாறியிருக்கக்கூடும். நிலத்தின் பெறுமதியைக் கணக்கிட்டவர்கள் நீரின் பெறுமதியையும் அதே கணக்கில் எழுதியிருக்கவேண்டும் என்று நான் திடமாக எண்ணுகிறேன்.

2021 மே மாதம் 20-ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள். பல நாள் எரிந்து, ஜூன் 2-ஆம் திகதி இழுத்துச் செல்ல முயன்றபோது அடி தரையிற் பதிந்து அமிழத் தொடங்கியது. சோளகம் தொடங்கும் பருவம். வெண்மணிகள் நீர்கொழும்பு முதல் தெற்கு வரை கரையெங்கும் அடுக்கடுக்காக ஒதுங்கின. இராணுவத்தினரும் ஊரவரும் அவற்றைச் சல்லடையால் மணலினின்றும் பிரித்தெடுத்த காட்சியைப் பலரும் கண்டனர். அந்த மணி ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர் பருமன், துடுப்புக்காலியினும் பெரிது, அதனை அது விழுங்கவியலாது. ஆனால் எரிந்து உருகிச் சிதைந்த துகள், அலையாலும் வெயிலாலும் மேலும் மேலும் தேயும் துகள், காலக்கிரமத்தில் அதன் வாய்க்குப் பொருந்தும் அளவை அடைகின்றது. பிளாஸ்ரிக் துகளை விழுங்கிய துடுப்புக்காலிகள் உணவு குன்றி, இடும் முட்டையின் பருமனும் குறைவதை ஆய்வுசாலைப் பரிசோதனைகள் வெளியிட்டிருக்கின்றன. நெத்தலிக்கும் சாளைக்கும் அடியில் இருக்கும் படி அது. அதன் தேய்வு முதலில் எவர் கண்ணுக்கும் படாது. பின்னர் வள்ளத்தில் மீன் குறையும்போது எல்லார் கண்ணுக்கும் படும்.

முந்திய நிலை எழுத்தில் இருந்தால்தான் பிந்திய இழப்பை அளக்கலாம். 1981-ஆம் வருஷச் சட்டத்தினால் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரினவள ஆராய்ச்சி நிறுவனம், கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி வாயை அடுத்த காக்கைதீவிலேயே இருக்கின்றது; கொழும்புப் பல்கலைக்கழகம் பம்பலப்பிட்டிக்குக் கிட்ட இருக்கின்றது; வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். வேண்டிய உபகரணம் பெரிதன்று: 0.1 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள ஒரு வலை, உப்பளக்கும் கருவி, வெப்பமானி, பிடித்ததைப் பேணச் சிறிது போர்மலின், ஒரு நுணுக்குக்காட்டி. ஆற்றுவாய், துறைமுகத்தின் உட்புறம், வெள்ளவத்தை வாய்க்கால் வாய், அதற்கு நேரே பாருக்கு அப்பாலுள்ள நீர் ஆகிய நான்கிடங்களிலும், சோளகம் எழுமுன் சித்திரையில் ஒருமுறையும், அது ஓங்கிய ஆடியில் ஒருமுறையும், இடைமழை கொட்டும் ஐப்பசியில் ஒருமுறையும், வாடை நிலைத்த தையில் ஒருமுறையும், பகலில் இழுத்த அன்றே இரவிலும் இழுத்து, இனம் பிரித்து எண்ணி, ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவேண்டும். முதலாண்டுக் கணக்கைத் தொம்ஸன், ஸ்கொற் ஆகியோரின் 1903-ஆம் வருஷப் பட்டியலோடும், சூவெலின் 1914-ஆம் வருஷக் கட்டுரையோடும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவ்விரண்டும் நூதனசாலை நூல்நிலையத்தில் கேட்டுப் பெறத்தக்க நூல்வரிசைகளிலேயே அச்சாகியிருக்கின்றன.